சிகாகோ பொதுப் பள்ளிகள்: பள்ளியை முடிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள், தேர்வில் தேறுபவர்கள் கூடவில்லையே?

கேள்வி: ஏரிக்கரை வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிகாகோவின் வடக்குப் பகுதியில், டெவன் சாலைக்கு அருகில் வசிக்கிறோம். மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். வரும் இலையுதிர் காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், நகரப் பள்ளி மாவட்டத்தின், அதாவது இங்குள்ள பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின், புள்ளிவிவரங்களைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது.

மாவட்டம் வெளியிடும் கணக்கின்படி, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் பள்ளியை முடிப்பவர்கள் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். 1990களின் இறுதியில் இது ஏறக்குறையப் பாதியாக இருந்தது. 1987இல் அன்றைய மத்தியக் கல்விச் செயலாளர் வில்லியம் பென்னட் நாட்டிலேயே மிக மோசமானவை என்று சொன்ன பள்ளிகள் இவை என்பதை நினைத்தால் இந்த ஏற்றம் சாதாரணமானதன்று. ஆனால் 2024 வசந்தத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எழுதிய எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில், மாநிலம் வகுத்த தகுதி நிலையை எட்டியவர்கள் வாசிப்பிலும் சரி, கணக்கிலும் சரி, நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இனவாரியாகப் பிரித்துப் பார்த்தால், பள்ளியை முடிப்பதில் தெரியும் இடைவெளியைவிடத் தேர்வில் தெரியும் இடைவெளி மிகவும் பெரிதாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பொதுத் தேர்வு எழுதி வந்தவன் நான். தேர்வில் தகுதி பெறாத முக்கால்வாசிப் பேரில் பெரும்பாலானோர் எப்படிப் பள்ளியை முடிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்த இரண்டு எண்களில் எது உண்மை நிலையைச் சொல்கிறது? நம்மவர்கள் பலரும் சொல்வதைப் போல, ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் புறநகர்களான நேப்பர்விலுக்கோ ஷாம்பர்க்குக்கோ வீட்டை மாற்றிவிடுவதுதான் வழியா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: எண்ணும் எழுத்தும்

வணக்கம். இரண்டு எண்களும் உண்மைதான். அவை அளப்பவைதான் வேறு வேறு.

இல்லினாய் மாநிலத்தில் பள்ளியை முடிப்பதற்குத் தேற வேண்டிய பொதுத் தேர்வு என்று எதுவும் இல்லை. சிகாகோவில் 24 கிரெடிட், அதாவது தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகள், சேர்க்க வேண்டும். சமூக சேவையோடு இணைந்த பாடத் திட்டங்களைச் செய்ய வேண்டும். பள்ளிக்குப் பிறகு என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு திட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாநிலத் தேர்வை எழுத வேண்டும் என்பது விதி. அதில் இத்தனை மதிப்பெண் வாங்க வேண்டும் என்பது விதியன்று. ஒவ்வொரு பாடத்தையும் கற்பிக்கும் ஆசிரியரே மதிப்பிட்டு, தோல்வியைக் குறிக்கும் எஃப் தவிர்த்து, ஏ முதல் டி வரை ஏதேனும் ஒரு தரத்தைக் கொடுத்தால் கிரெடிட் கிடைத்துவிடும். ஆகவே நிறைவு விகிதம் என்பது, நான்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பள்ளிக்கு வந்து, இருபதுக்கும் மேற்பட்ட பாடங்களில் ஆசிரியர்கள் கேட்டதைச் செய்து முடித்தவர்களின் கணக்கு. எஸ்.ஏ.டி. என்பது ஒரே நாளில், வெளியார் வகுத்த அளவுகோலில் எடுத்த கணக்கு.

அந்த அளவுகோலும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கல்லூரிக்குத் தயார் என்பதற்குத் தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு வைத்திருக்கும் கோடு மொழிப் பிரிவில் 480, கணக்கில் 530. இல்லினாய் இரண்டுக்குமே 540 என்று வைத்திருந்தது. 2025 முதல் எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக அதே போன்ற மற்றொரு தேர்வான ஏ.சி.டி. வந்துவிட்டது, அதே ஆண்டு மாநிலக் கல்வி வாரியம் தகுதிக் கோடுகளையும் திருத்தி அமைத்தது. எனவே 2024க்கும் 2025க்கும் இடையில் தெரியும் எந்த உயர்வையும் கற்றலில் ஏற்பட்ட உயர்வாகப் படிக்காதீர்கள். ஒரே ஆண்டில் வெவ்வேறு இனத்தவருக்கு இடையே உள்ள தொலைவை ஒப்பிடலாம். இந்த இரண்டு ஆண்டுகளை ஒப்பிட முடியாது.

நிறைவு விகிதத்திலும் இதே எச்சரிக்கை தேவை. முன்பு ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வசதியான முறையில் கணக்கிட்டு வந்தது. 2008இல் மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்து, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒரு கூட்டத்தை அப்படியே பின்தொடர்ந்து, இடையில் வந்தவர்களைக் கூட்டி, முறையாக வேறு பள்ளிக்கு மாறியவர்களைக் கழித்து, நான்கு ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்க்கும் முறையைப் பொதுவாக்கியது. 2010-11 கல்வியாண்டு முதல் நாடு முழுவதற்கும் அந்தக் கணக்கு கிடைக்கிறது. அந்த ஆண்டில் 79 சதவீதமாக இருந்த தேசிய விகிதம் 2018-19இல் 86 சதவீதம் ஆயிற்று. அதற்குள்ளே பார்த்தால் ஆசிய, பசிபிக் தீவின மாணவர்கள் 93, வெள்ளையினத்தவர் 89, லத்தீனோ மாணவர்கள் 82, கறுப்பின மாணவர்கள் 80, பூர்வகுடியினர் 74. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கும் இது 70 சதவீதத்துக்கும் கீழே. மாநில அறிக்கையின் தலைப்பு எண் பெரும்பாலும் நான்காண்டுக் கணக்கு. சிகாகோ மாவட்டம் தன் செய்திக் குறிப்பில் முன்னிறுத்துவது ஐந்தாண்டுக் கணக்கு. நேப்பர்விலின் நான்காண்டு எண்ணையும் சிகாகோவின் ஐந்தாண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பேசுபவர்கள் நிறையப் பேர்.


மறுமொழி 2: கேட்டுப்பார்ப்பவன்

மேலே உள்ள விளக்கம் சரியானதே. ஆயினும் "முறையாக வேறு பள்ளிக்கு மாறியவர்களைக் கழித்து" என்ற ஒரு வரியில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பின்னத்தின் மேல் எண்ணை, அதாவது முடித்தவர்களின் எண்ணிக்கையை, கூட்டுவது கடினமான வேலை. கீழ் எண்ணை, அதாவது சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை, குறைப்பது சுலபம்.

2015இல் சிகாகோவின் பொது வானொலியான டபிள்யூ.பி.இ.இசட்., பெட்டர் கவர்ன்மென்ட் அசோசியேஷன் என்ற கண்காணிப்பு அமைப்புடன் சேர்ந்து பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்தது. இடையில் நின்றுபோன மாணவர்கள் பலர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவோ, வீட்டிலேயே கற்பதாகவோ குறிக்கப்பட்டு, கணக்கிலிருந்தே நீக்கப்பட்டிருந்தார்கள். மாவட்டம் அதன்பின் தன் எண்களைத் திருத்தியது, 2014க்கு 69.4 என்று அறிவித்திருந்தது 66.3 ஆக இறங்கியது.

கீழ் எண்ணைத் தொடாமல் தரத்தைத் தளர்த்துவது மற்றொரு வழி. அதற்குத் தலைநகர் வாஷிங்டனைப் பாருங்கள். அங்கே பலூ உயர்நிலைப் பள்ளியில் 2017இல் கடைசி வகுப்பில் இருந்த அனைவரும் பள்ளியை முடித்துக் கல்லூரி அனுமதியும் பெற்றார்கள் என்று கொண்டாடினார்கள். அவர்களில் பலர் வகுப்புக்கே ஒழுங்காக வரவில்லை என்று வானொலிச் செய்தியாளர்கள் அந்த ஆண்டின் இறுதியில் வெளிப்படுத்தினார்கள். அதன்பின் நடந்த விசாரணையில், அந்த ஆண்டு நகரப் பொதுப் பள்ளிகளில் சான்றிதழ் பெற்ற 2,758 பேரில் 937 பேர், வருகை விதியையோ கிரெடிட் விதியையோ மீறித் தேற்றப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. மூன்றில் ஒரு பங்கு! கண்காணிப்பை இறுக்கியதும் மறு ஆண்டு விகிதம் சரிந்தது.

பள்ளி முதல்வரின் வேலையும் மேயரின் பெயரும் ஓர் எண்ணில் தொங்கும்போது அந்த எண் ஏறத்தான் செய்யும். பள்ளியை முடித்தவர்கள் கூடி, தகுதி நிலையை எட்டியவர்கள் கூடவில்லை என்றால், சான்றிதழின் மதிப்புக் குறைந்திருக்கிறது என்பதே நேரான விளக்கம்.


மறுமொழி 3: ஒன்பதாம் வகுப்பு டீச்சர்

கேட்டுப்பார்ப்பவன் ஐயா சொன்ன இரண்டு நிகழ்வுகளும் நடந்தவைதான்; அவற்றை மறுக்க முடியாது. ஆனால் சிகாகோவின் ஏற்றம் முழுவதையும் அவற்றைக் கொண்டு விளக்கிவிட முடியாது. திருத்திய எண்களிலும் ஏறுமுகம் அப்படியேதான் இருந்தது. இறங்கியது மட்டம்தான், திசை மாறவில்லை. நான் இந்த நகரத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் என்பதால், அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் இயங்கும் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு, இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு மாணவரின் பதிவையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது. எலேன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் 2005இல் அங்கிருந்து வெளியிட்ட ஆய்வில் மிக எளிய ஓர் அடையாளத்தை முன்வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் முழு ஆண்டுப் பாடங்களில் குறைந்தது ஐந்து கிரெடிட் சேர்த்து, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டர் எஃப்புக்கு மேல் வாங்காத மாணவர் தடத்தில் இருக்கிறார் என்று கொள்ள வேண்டும். தடத்தில் இருந்தவர்களில் 81 சதவீதத்தினர் நான்கு ஆண்டில் பள்ளியை முடித்தார்கள். தடம் விலகியவர்களில் 22 சதவீதத்தினரே முடித்தார்கள். எட்டாம் வகுப்பில் வாங்கிய தேர்வு மதிப்பெண்ணைவிட, வீட்டின் வருமானத்தைவிட, மாணவரின் இனத்தைவிட இந்த ஓர் அடையாளம் துல்லியமாக முன்னறிவித்தது.

2007இல் வந்த அடுத்த ஆய்வு எங்களைப் போன்றவர்களின் வேலையையே மாற்றியது. ஒன்பதாம் வகுப்பில் யார் பாடங்களில் தோற்பார் என்பதை முன்னறிவதில், எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட வகுப்புக்கு வருவது எட்டு மடங்கு வலுவானது. ஒரு செமஸ்டரில் ஒரு வாரத்துக்கும் குறைவாக விடுப்பு எடுத்தவர்களில், அவர்கள் எந்த மதிப்பெண்ணோடு வந்திருந்தாலும், பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பள்ளியை முடித்தார்கள். உயர்ந்த மதிப்பெண்ணோடு வந்து இரண்டு வாரம் வராமல் போன பிள்ளை, மிகக் குறைந்த மதிப்பெண்ணோடு வந்து ஒரு வாரம் மட்டும் வராத பிள்ளையைவிட அதிகமாகத் தோற்றது. எட்டாம் வகுப்புவரை ஒரே ஆசிரியரின் கண்ணில் இருந்த பிள்ளை, திடீரென்று ஏழெட்டு ஆசிரியர்களிடம் போய், யாருடைய கண்ணிலும் இல்லாமல் போவதுதான் இதன் வேர்.

அதன்பின் பள்ளிகளுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் வருகையும் தரமும் பட்டியலாக வரத் தொடங்கின. ஆசிரியர்கள் கூடி, எஃப் வாங்கப்போகும் பிள்ளை யார், ஏன் வரவில்லை, வீட்டில் யாரிடம் பேசுவது என்று செமஸ்டர் முடிவதற்கு முன்பே பேசுகிறோம். 2007இல் 57 சதவீதமாக இருந்த தடத்தில் இருப்போர் விகிதம் 2013இல் 82 ஆயிற்று. மிகப் பெரிய முன்னேற்றம் கறுப்பினப் பையன்களிடம்தான்: 2005இல் 43 சதவீதம், 2013இல் 71. முதலில் முன்னேறிய பள்ளிகளில் மூன்று ஆண்டு கழித்து நிறைவு விகிதமும் ஏறியது. தரத்தைத் தளர்த்தித்தான் இது நடந்தது என்றால், முன்பு இடையில் நின்றிருக்கக்கூடிய பிள்ளைகள் பதினோராம் வகுப்புவரை வந்து தேர்வு எழுதும்போது சராசரி சரிந்திருக்க வேண்டும். கூட்டமைப்பு அதையும் பார்த்தது: அதிகம் பேர் எழுதியும் ஏ.சி.டி. சராசரி சரியவில்லை.

இதற்கு மேல் சொல்வது கசப்பானது. பள்ளியை முடிப்பதில் சுருங்கிய இடைவெளி, கற்றலில் சுருங்கவில்லை. இருபது ஆண்டுகளின் சீர்திருத்தங்களை ஆராய்ந்து அதே கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை, வெள்ளையின மாணவர்கள் லத்தீனோ மாணவர்களைவிட வேகமாக முன்னேற, கறுப்பின மாணவர்கள் எல்லோருக்கும் பின்னால் விடப்பட்டார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியது. ஒரு பிள்ளையை டி வாங்கவைத்து அடுத்த வகுப்புக்கு அனுப்ப எங்களால் முடிந்திருக்கிறது. அதே பிள்ளையை பி வாங்கவைக்க வேறு விதமான பாடம், சிறிய வகுப்பு, கூடுதல் நேரம் எல்லாம் வேண்டும். டி வாங்கியவரும் ஏ வாங்கியவரும் நிறைவு விகிதத்தில் ஒன்றுதான். என் பார்வையில், உண்மையான இடைவெளி ஒளிந்திருப்பது தேர்வு மதிப்பெண்ணில்கூட இல்லை, சி-க்கும் பி-க்கும் நடுவில் இருக்கிறது. 2020இல் ஆலன்ஸ்வொர்த்தும் மற்றோர் ஆய்வாளரும் சிகாகோ மாணவர்களைக் கல்லூரிவரை பின்தொடர்ந்து பார்த்தபோது, கல்லூரிப் படிப்பை முடிப்பார்களா என்பதை முன்னறிவதில் பள்ளியின் தரச் சராசரி ஏ.சி.டி. மதிப்பெண்ணைவிட ஐந்து மடங்கு வலுவாக இருந்தது. ஆசிரியர் போடும் தரம் வெறும் தாராளம் என்றால் இப்படி நடக்காது.

கொரோனாவுக்குப் பிறகு எனக்கிருக்கும் கவலை வருகையைப் பற்றியது. கல்வி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்கள் இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர். வருகை இவ்வளவு விழுந்தும் நிறைவு விகிதம் விழவில்லை என்பது, ஐயாவின் சந்தேகத்துக்கு இப்போது முன்பைவிட அதிக இடம் தருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.


கேள்வியாளர்: ஏரிக்கரை வாசி

டீச்சர் அம்மாவுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி: புறநகர்ப் பள்ளி மாவட்டங்களில் நிறைவு விகிதம் 95 சதவீதத்தைத் தாண்டுகிறதே, அங்கே இந்த இடைவெளிப் பிரச்சினை இல்லை என்று கொள்ளலாமா? எங்களுக்கு எவன்ஸ்டன் மிக அருகில் இருக்கிறது.


மறுமொழி 4: எவன்ஸ்டன் குடியிருப்பாளர்

கொள்ள முடியாது. பல சமயங்களில் வசதியான ஊர்களில்தான் இடைவெளி இன்னும் அகலம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதிலும் உள்ள பள்ளி மாவட்டங்களின் தேர்வு மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து 2016இல் வெளியிட்டபோது, வெள்ளையின, கறுப்பின மாணவர்களுக்கு இடையே மிகப் பெரிய தொலைவு உள்ள இடங்களில் பெர்க்லி, சேப்பல் ஹில் ஆகியவற்றோடு எங்கள் எவன்ஸ்டனும் இருந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் பிள்ளைகள் ஒரு முனையிலும், தலைமுறைகளாக இதே ஊரில் வாழ்ந்தும் வீட்டு வாடகைக்குத் திணறும் குடும்பங்களின் பிள்ளைகள் மறுமுனையிலும் இருக்கும்போது, சராசரி அழகாகவே தெரியும். அதே ரியர்டன் மறு ஆண்டு சிகாகோவைப் பற்றிச் சொன்னது பலருக்கு வியப்பாக இருந்தது: மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரையிலான ஐந்து ஆண்டுகளில் அங்கே மாணவர்கள் ஆறு ஆண்டு வளர்ச்சியைப் பெற்றார்கள், பெரிய மாவட்டங்களில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. தொடங்கும் இடம் தாழ்வு, ஓட்டம் வேகம். இடைவெளியின் பெரும்பகுதி குழந்தை பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே உருவாகிவிடுகிறது என்பதைத்தான் இரண்டு எண்களும் காட்டுகின்றன.

எங்கள் உயர்நிலைப் பள்ளி 2011இல் ஒன்பதாம் வகுப்பு மொழி, வரலாற்றுப் பாடங்களில் ஹானர்ஸ் என்ற உயர்நிலைப் பாடப் பிரிவைத் தனியே வைப்பதை நிறுத்தி, எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, அதற்குள்ளேயே உழைத்து ஹானர்ஸ் தகுதி பெறலாம் என்று மாற்றியது. அதற்கு முன்பு அந்த ஹானர்ஸ் வகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளையினப் பிள்ளைகளே இருந்தார்கள். வாக்கெடுப்புக்கு முன் ஊரே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. மாற்றத்தை நான் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். எனினும் பதினான்கு வயதில் செய்யும் மாற்றம் அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளை ஈடுசெய்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நேப்பர்வில், ஷாம்பர்க் பற்றி நம்மவர்கள் சொல்வதில் பொய்யில்லை. அங்கே பள்ளிகள் நல்லவைதான். ஆனால் 95 என்ற எண்ணில் எவ்வளவு பள்ளியின் உழைப்பு, எவ்வளவு அந்த ஊரில் வீடு வாங்க முடிந்த பெற்றோரின் படிப்பும் வருமானமும் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பள்ளிச் செலவில் சொத்து வரியின் பங்கு பெரிதாக இருக்கும் மாநிலம் இது. 2017இல் வந்த புதிய நிதிச் சூத்திரம் ஏழை மாவட்டங்களுக்கு முன்னுரிமை தருகிறது என்றாலும், பழைய ஏற்றத்தாழ்வு மெல்லத்தான் கரைகிறது.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, மாவட்டத்தின் எண்ணை விட்டுவிட்டு, மாநில அரசின் இல்லினாய் ரிப்போர்ட் கார்டு தளத்தில் நீங்கள் யோசிக்கும் பள்ளியின் பக்கத்தைத் திறந்து, ஒன்பதாம் வகுப்பில் தடத்தில் இருப்போர் விகிதத்தையும் நாள்பட வராதோர் விகிதத்தையும் பாருங்கள். நிறைவு விகிதம் நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களின் கதை. இந்த இரண்டும் சென்ற ஆண்டின் கதை. "ஆசியர்" என்ற வரிசையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்; டெவன் பக்கம் அந்த ஒரு தலைப்புக்குள் மென்பொருள் பொறியாளரின் பிள்ளையும் இருக்கும், அகதியாக வந்து ஆங்கிலம் கற்கும் பர்மியப் பிள்ளையும் இருக்கும்.


மறுமொழி 5: எண்ணும் எழுத்தும்

ஒரு சேர்க்கை மட்டும். தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகள் நகரில் பதினொன்று இருக்கின்றன. வால்டர் பேட்டன், நார்த்சைடு, விட்னி யங், ஜோன்ஸ், லேன் டெக் எல்லாம் அந்த வகை. நகரத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதிகளை வருமானம், பெற்றோரின் படிப்பு போன்றவற்றைக் கொண்டு நான்கு அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். 30 சதவீத இடங்கள் மதிப்பெண் வரிசைப்படி போகும்; மீதி 70 சதவீதம் நான்கு அடுக்குகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படும். உங்கள் முகவரி எந்த அடுக்கில் விழுகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடுங்கள். இப்பள்ளிகளின் நிறைவு விகிதத்தை உங்கள் பகுதிப் பள்ளியோடு ஒப்பிட வேண்டாம். முன்கூட்டியே தேர்ந்தெடுத்துச் சேர்த்தவர்களின் கணக்கு அது.


மறுமொழி 6: கேட்டுப்பார்ப்பவன்

டீச்சர் அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. ஏ.சி.டி. சராசரி சரியவில்லை என்பது என் வாதத்துக்கு வலுவான மறுப்பு என்பதை ஏற்கிறேன். 2020க்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றிய என் சந்தேகம் மட்டும் நிற்கிறது, அதை அவர்களும் மறுக்கவில்லை.

ஏரிக்கரை வாசி நண்பருக்கு: பள்ளியைப் பார்வையிட அழைக்கும் நாளில் நிறைவு விகிதத்தைக் கேட்காதீர்கள், அதை அவர்களே சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தவர்கள், போனவர்கள் எங்கே போனார்கள் என்று பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் கேளுங்கள். முடித்தவர்களில் தரச் சராசரி (பி தரத்துக்கு இணையான) மூன்றுக்கு மேல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் பள்ளி, தன் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கும் பள்ளி.